‘தெரியாது’ என்று பதினான்கு தரம் சொன்னவர்

அது யூலை பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே தென்மேல் காற்று மூன்று நாளாக ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. நீதிமன்ற மண்டபத்தின் கதவு அடித்துக்கொள்ளாதபடி ஒரு பொலிஸ்காரர் அதைக் காலால் முட்டுக்கொடுத்து நின்றார். வானத்தில் மேகம் இல்லை. ஜூரிமார் ஏழு பேர் உட்கார்ந்திருந்த வாங்கின் கைப்பிடியில் மணல் படிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

ஏறியவர் முதலில் செய்த வேலை, கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். பெண்ணாக இருந்தும் அவர் கட்டியிருந்தது ஆண்கள் கட்டும் கடிகாரம். முகப்பு உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும். நோயாளி கதைக்கும்போது நேரம் பார்ப்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டுகிறார் என்று கிளினிக் தாதி ஒருத்தி எனக்கு முன்பு சொல்லியிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி ஜூரிமாரை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் ஆறாவது ஆள். ஐந்து பேரைக் கடந்து வந்த கண் என்னிடம் ஒரு வினாடி கூடுதலாக நின்றது. நான் குனிந்து என் கொப்பியில் திகதியை எழுதினேன். அதை ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

அவர் மனநல டொக்டர். ஊர் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாத்தளை என்றார்கள் சிலர், மூதூர் என்றார்கள் சிலர். கேட்டவர்களிடம், “இப்ப இங்கதான்” என்று மட்டும் சொல்வார். வயது நாற்பத்தைந்துக்கு மேலே, ஐம்பதுக்குள்ளே. குள்ளம். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்: குறைந்தது மூன்று வினாடி, கூடினால் ஏழு. எண்ணி முடித்த பிறகுதான் வாய் திறப்பார்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டிப் பக்கத்து மீன்வாடி ஒன்றில் தொழில் செய்த இருபத்தாறு வயதுப் பொடியன் தன் படகு முதலாளியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். நான்கு பேர் கண்டார்கள், அவனும் மறுக்கவில்லை. செத்துப்போன தன் தகப்பனின் குரலை முதலாளி படகு மோட்டருக்குள் போட்டு அடைத்துவைத்திருந்தார் என்பதுதான் அவன் சொன்ன காரணம். ஆகவே எங்களிடம் விடப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் அவன் புத்தி அவன் வசம் இருந்ததா, இல்லையா? இருந்தது என்று ஏழில் ஐந்து பேராவது சொன்னால் அது கொலை. கொலைக்கு மரணதண்டனை, நீதிபதி விரும்பினாலும் அதைவிடக் குறைக்க முடியாது. இல்லை என்று சொன்னால் அவனை ஆஸ்பத்திரிக் காவலில் வைப்பார்கள். ஒரு பக்கம் கயிறு, மறு பக்கம் மருந்துக் குளிசை.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பிரதேச சபையில் எழுதுவினைஞன். முப்பத்துமூன்று வருடம் பதிவேடுகளோடு வாழ்ந்தவன். ஜூரிப் பட்டியலில் பெயர் வந்ததும் வெளியே முணுமுணுத்தாலும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் நீதிபதி சாட்சிகளின் பெயரை வாசித்து, இவர்களில் யாரையாவது தனிப்பட அறிந்தவர்கள் எழுந்து சொல்லும்படி கேட்டார். பத்தொன்பது பெயர்கள். அவருடையது பதினேழாவது. நான் எழும்பவில்லை. கிளினிக்கில் கண்டது தனிப்பட்ட பழக்கமா என்று எனக்குள்ளேயே வழக்குப் பேசினேன். உண்மைக் காரணம் அது இல்லை. எழும்பினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் தங்கச்சியை நாலரை வருடமாக அவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அந்த மண்டபத்தில் சொல்லவேண்டி வரும். எங்கள் ஊர் ஆட்கள் மட்டும் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள்.

கிளினிக் மாதத்தில் மூன்றாவது வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடம், மூன்று வாங்கு, அறுபது எழுபது சனம். அவருடைய அறைக் கதவு சரியாக மூடாது. உள்ளே கதைப்பதில் பாதி வெளியே கேட்கும். அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருந்தது. “நீங்க கண்டதா, ஆரும் சொன்னதா?”

ஒரு தரம் ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. “இரவு முழுக்க ஜின்னோட கதைக்கான் டொக்டர்.”

“நீங்க கண்டதா?”

“அல்லாவே, ஜின்னக் காண ஏலுமா?”

“ஜின்ன இல்ல. மகன் முழிச்சு இரிக்கிறதக் கண்டீங்களா?”

“நான் ஒன்பது மணிக்கே படுத்திருவன்.”

“அப்ப ஒரு நாளைக்கு முழிச்சிருந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஜின் வந்தா அதுக்கும் பிளேன்டீ ஊத்துங்க.”

வாங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். என் தங்கச்சியும் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் கண்டது அது இரண்டாவது தரம்.

நோயின் பெயரை அவர் கிளினிக் கொப்பியில் பென்சிலால்தான் எழுதுவார். பதிவேட்டில் பென்சில் பட்டால் சம்பளத்தில் வெட்டும் கந்தோரில் இருந்தவன் நான். எனக்கு அது பொறுக்கவில்லை. நாலாவது மாதம் தங்கச்சியின் கொப்பியில் முதல் எழுதிய பெயரை அழித்து வேறு பெயர் எழுதினார். பதினோராவது மாதம் அதையும் அழித்தார். “டொக்டர், பேனை ஒண்டு தரட்டா?” என்று கேட்டேன், கொஞ்சம் நக்கலாகத்தான்.

மூன்று வினாடி. “வேணாம். உங்கட தங்கச்சிய எனக்கு இன்னும் முழுசா விளங்க இல்ல.”

இன்னொரு நாள் நான் தங்கச்சியின் நித்திரைக் கணக்கைக் கொண்டுபோனேன். மாதத்தின் முப்பது நாளுக்கும் கட்டம் போட்டு, படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்த தரம் எல்லாம் எழுதியிருந்தேன். வேறு எந்த டொக்டரும் அதைக் கையிலெடுத்துப் பார்த்ததில்லை. அவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்தார். “பதினேழாம் திகதி ஏன் காலியா இரிக்கி?”

“அண்டைக்கு நான் கொழும்பு போனன், டொக்டர்.”

“நல்லது” என்றார். “பாக்காத நாளைக்கு எழுத இல்ல.”

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம். வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. இரண்டு வருடம் அடக்கிவைத்து, ஒரு நாள் கேட்டேன். “இவ சுகமாவாளா?”

அன்றைக்கு ஏழு வினாடி. “தெரியாது.”

“இவ்வளவு நாள் பாத்தும் தெரியாதா?”

“ஓம் எண்டு சொன்னா இண்டைக்கு நீங்க நல்லா நித்திரை கொள்ளுவீங்க. ஆனா எனக்குத் தெரியாதே.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த வாரமே தங்கச்சியைக் கொழும்பில் ஒரு தனியார் டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பதினைந்து நிமிடம் கதைத்தார். “மூணு மாசம். பூரண சுகம். நான் பொறுப்பு” என்றார். ‘பொறுப்பு’ என்ற சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி விளங்காது. பழைய குளிசைகளை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொடுத்தோம். எழுபத்தோராவது நாள் விடியற்காலை தங்கச்சியைக் காணவில்லை. களப்பில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றவளை இறால் பிடிக்கப் போனவர்கள் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். பொறுப்பெடுத்தவருக்கு ஆறு தரம் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை.

திரும்பவும் அந்த வாங்கில் போய் உட்கார்ந்தோம். ஏச்சுக் கேட்க ஆயத்தமாகத்தான் உள்ளே போனேன். அவர் கொப்பியைத் திறந்து, மூன்று மாத இடைவெளியைப் பார்த்து, தங்கச்சியின் பக்கம் திரும்பினார். “கடைசியா எப்ப நல்லா நித்திரை கொண்டீங்க, தங்கச்சி?” என்றார். வேறொன்றும் இல்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை.

இவ்வளவையும் அனுபவித்தவன்தான் ஜூரி வாங்கில் ஆறாவது ஆளாக இருந்தேன்.

எதிரியான பொடியனின் வக்கீல் கேட்டபோது அவர் நிதானமாகச் சொன்னார். பொடியனைச் சிறையில் ஆறு தரம் பார்த்திருந்தார்; மொத்தம் ஒன்பது மணித்தியாலம். “சம்பவத்தின்போது தான் செய்வது பிழை என்று விளங்கும் நிலையில் அவர் இருந்திருக்கமாட்டார் என்பதே கூடுதலான சாத்தியம். அது என் அபிப்பிராயம்.” பிறகு அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார்.

“நிச்சயமாகச் சொல்ல முடியுமா, டொக்டர்?”

“நிச்சயமாகச் சொல்ல முடியாது.”

“குத்திய பிறகு கத்தியைக் கழுவியிருக்கிறார். ஏன்?”

நாலு வினாடி. “தெரியாது.”

“கழுவிவிட்டு ஒன்றரை மைல் நடந்து பொலிசுக்குப் போயிருக்கிறார். பிழை என்று தெரியாதவர் ஏன் பொலிசுக்குப் போகவேண்டும்?”

“நானும் கேட்டேன். மோட்டரைத் திறந்து தகப்பனை வெளியே எடுக்கச் சொல்லிப் போனதாகச் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.”

“உங்களுக்கு முன்னால் நடித்திருக்கலாம் அல்லவா?”

இந்த முறை ஆறு. “நடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். இவர் அவர்களைப் போல் எனக்குப் படவில்லை. நடிக்கவே இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.”

“தெரிந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்” என்றார் சட்டத்தரணி. மண்டபம் சிரித்தது. என் கொப்பியில் நான் இரண்டு பத்தி போட்டிருந்தேன். ‘தெரியாது’ பதினான்கு கோடு. ‘சாத்தியம்’, ‘இருக்கலாம்’, ‘படுகிறது’ எல்லாம் சேர்த்து ஒன்பது.

மறுநாள் அரச தரப்பு டொக்டர் வந்தார். பொடியனை ஒரே ஒரு தரம் முப்பத்தைந்து நிமிடம் பார்த்தவர். சிங்களத்தில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் எங்களுக்குச் சொன்னார். “எதிரி சுயபுத்தியோடு இருந்தார். கத்தியைக் கழுவியது அதற்கு அத்தாட்சி.” இந்த ரகத்தில் பதினொரு பதில். ‘தெரியாது’ ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் ஐந்து இடத்தில் “மட்ட ஹித்தென ஹெட்டியட்ட”, அதாவது தன் நினைப்பின்படி, என்று சொல்லித்தான் தொடங்கினார். தமிழில் அந்த ஐந்தும் வரவில்லை. என் காதில் விழுந்தது. கை கோடு போடவில்லை. தமிழில் வந்ததுதான் சாட்சியம் என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நீதிபதி எங்களுக்கு விளக்கம் சொன்னார். அதில் ஒரு வசனத்தை மூன்றாம் பக்கத்தின் ஒன்பதாவது வரியில் எழுதிவைத்தேன், இன்றும் இருக்கிறது. “புத்தி பேதலித்திருந்தது என்பதற்கு நிச்சயம் தேவையில்லை, இல்லை என்பதைவிட ஓம் என்பதே கூடுதலாக நம்பத்தக்கதாக உங்களுக்குப் பட்டால் போதும்.” எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். நோன்புக்கு அப்போது எட்டு நாள் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் பிறை கண்டவர்கள் வந்து சொல்லும் சாட்சியத்தை எழுதும் வேலை இருபத்திரண்டு வருடமாக என்னுடையது. எங்கே நின்றாய், எத்தனை மணிக்கு, பிறையின் கொம்பு எந்தப் பக்கம், கூட யார் என்று கேட்போம். கண்டேன் என்று உறுதியாகச் சொன்னால்தான் எடுப்போம். “கண்ட மாதிரி”, “பட்டது போல” என்று ஒரு சொல் வந்தால் நான் தாளைக் கவிழ்த்துவைத்துவிடுவேன். வந்தவர் ஸலாம் சொல்லிப் போய்விடுவார். யாருக்கும் மனவருத்தம் இல்லை. அதுதான் முறை.

ஜூரி அறையில் ஏழு கதிரை, ஒரு மின்விசிறி. இரண்டு மணி ஐந்துக்கு உள்ளே போனோம். எங்கள் தலைவர் கனமூலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். முதல் சுற்றில் மூன்று பேர் கொலை என்றார்கள், மூன்று பேர் புத்தி பேதலிப்பு என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேதலிப்பு என்ற மூவரில் ஒருவர் உடப்புக்காரர், மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுபவர். “ஹாஜியார், நான் அந்த மாதிரி ஆளுகளக் கடல்ல கண்டிருக்கன். இது நடிப்பில்ல” என்றார்.

“அது சரி தம்பி. ஆனா அந்த டொக்டர் நோனாவே தெரியாது எண்டு சொல்றாவே. அவவுக்கே தெரியாட்டி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதிக்கொண்டே இருந்தீங்க. எத்தன தரம் தெரியாது எண்டா?”

“பதினாலு.”

“மத்த டொக்டர்?”

“ஒண்டுமில்ல.”

“பாத்தீங்களா? பிறைக்கு வந்த சாட்சி இப்பிடிச் சொன்னா நாம நோன்பு பிடிப்பமா? நீங்களே சொல்லுங்க, எழுதுறவர் நீங்கதானே.”

“தாளக் கவுத்திருவம்” என்றேன்.

நாலு பேர் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோருக்கும் பள்ளிவாசலில் அந்தத் தாள் கவிழும் சத்தம் தெரியும். கோயிலுக்குப் போகும் உடப்புக்காரருக்குத் தெரியாது. அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “பிறை தப்பினா நாளைக்குப் பாக்கலாம் ஹாஜியார். இவன்ட கழுத்து அப்பிடியா?” என்றார்.

அவருடைய பேச்சு அறையில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பேதலிப்புப் பக்கம் இருந்த பெண் டீச்சர், “ஒன்பது மணித்தியாலம் பாத்திருக்கிறா” என்று மெதுவாகச் சொன்னா. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

“எனக்கு அந்த டொக்டரத் தெரியும்” என்றேன். “என்ட தங்கச்சிய நாலரை வருஷம் பாக்கிறா. சுகமாவாளா எண்டு கேட்டன். அதுக்கும் இதே சொல்லுதான், தெரியாது. அவ ஆரப் பத்தியும் அப்பிடித்தான் சொல்லுவா. பென்சிலால எழுதுற ஆள்.”

அவ்வளவுதான் சொன்னேன். பொறுப்பெடுத்த டொக்டரைப் பற்றிச் சொல்லவில்லை. களப்பைப் பற்றிச் சொல்லவில்லை. பாக்காத நாளுக்கு எழுதாததைப் பாராட்டியவர் அவர் என்று சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதின்மூன்று வருடமாக யோசிக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே இருந்து தெரிந்த ஒரு செய்தி இருந்தது. அதைச் சொல்லும் ஆசை. அந்த ஏழு வினாடித் ‘தெரியாது’ மேல் இருந்த கோபமும் எங்கோ ஆறாமல் கிடந்திருக்கவேண்டும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “அப்ப அது அவட பழக்கம் போல” என்றா. இரண்டாம் சுற்றில் டீச்சரும் நானும் கொலை என்றோம். ஐந்துக்கு இரண்டு. மூன்று மணி ஐம்பதுக்கு வெளியே வந்தோம். ஒரு மணியும் நாற்பத்தைந்து நிமிடமும்.

மரணதண்டனை வாசிக்கும்போது மண்டபத்தில் விளக்கை அணைத்து மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் எழும்பி நிற்கவேண்டும். அது எனக்கு முன்பே தெரியும். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கதவில் காற்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பொடியன் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற சிறைக்காவலரிடம், “கரண்ட் போயிட்டா?” என்று கேட்டான். என்னிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் நின்றான். நன்றாகக் கேட்டது.

ஏழாவது நாள் கிளினிக். போகாமல் இருக்க நினைத்தேன்; தங்கச்சியின் குளிசை முடிந்திருந்தது. அவர் வழமைபோல நித்திரை, சாப்பாடு என்று கேட்டு, கொப்பியில் எழுதி முடித்தார். தங்கச்சியை மருந்து எடுக்க வெளியே அனுப்பிவிட்டு நான் நின்றேன்.

“டொக்டர், கோர்ட்டில என்னைக் கண்டீங்களா?”

“கண்டன்.”

“நீதிபதியிடம் சொல்லியிருக்கலாமே, இவரைத் தெரியும் எண்டு.”

“சொன்னா எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்க. உங்கட தங்கச்சிட பேர் வரும். அது நான் சொல்லக்கூடிய கதையில்ல.” பென்சிலைக் கொப்பியின் மேல் வைத்தார். “நீங்க சொல்லுவீங்க எண்டு நினைச்சன். தெரியாம நினைச்சது. அது என்ட பிழை.”

நான் அழும் நிலையில் இருந்தேன். ஜூரி அறையில் நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “நீங்க கொஞ்சம் உறுதியாச் சொல்லியிருந்தா...” என்று தொடங்கினேன். குற்றத்தை அவர் பக்கம் தள்ளும் முயற்சி. இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

“சொல்லியிருக்கலாம்” என்றார், மூன்று வினாடிக்குப் பிறகு. “எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் சொன்னன். அதுக்கு மேல சொன்னா அவனைக் காப்பாத்தியிருப்பனோ என்னவோ. அதுவும் தெரியாது.” பிறகு என்னை நேரே பார்த்தார். “அந்தப் பொடியன் மருந்து குடிக்கிறானா எண்டு ஆரும் பாக்கிறாங்களா? உங்களுக்கு விசாரிக்க ஏலுமா?”

ஏலும் என்றேன். விசாரிக்கவில்லை.

அன்று மாலை பள்ளிவாசலில் சாட்சிக் கொப்பியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். கண் சரியில்லை என்றேன். நான் கொடுத்த காரணம் ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போனார். எங்கே என்று தாதிகளுக்கும் சரியாகத் தெரியவில்லை. கடைசிக் கிளினிக்கில் தங்கச்சியின் கொப்பியைப் புதிய டொக்டருக்காக எடுத்துப் புரட்டியபோது பார்த்தேன்: நோயின் பெயர் அப்போதும் பென்சிலில்தான் இருந்தது. பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தார். ‘சிரிக்கிறா. கூடி வருகிறது.’ அதைப் பேனையால் எழுதியிருந்தார்.

பொடியனின் மேன்முறையீடு தள்ளுபடியானது. ஆட்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இந்த நாட்டில் இப்போது யாரையும் தூக்கில் போடுவதில்லை, சும்மா உள்ளே இருப்பான் என்றார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். பிறகு ஒரு வருடம், தூக்கு மறுபடியும் வரப்போகிறது என்று பத்திரிகைகளில் கதை அடிபட்டது. அந்த வாரம் நான் படுத்தும் நித்திரை வரவில்லை. நாலாவது நாள் பஸ் ஏறிப் பொடியனின் வக்கீலிடம் போனேன். ஜூரி அறைக்குள் கதைத்ததை வைத்து வழக்கைத் திரும்பத் திறக்க முடியாது என்றார். ஆனால் கருணை மனு ஒன்று ஆயத்தமாகிறது. நடந்ததை முழுவதும் எழுதிக் கையெழுத்து வைத்தால் அதோடு சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம் என்றார். “முழுவதும் என்றால் முழுவதும், ஐயா. அந்த டொக்டரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும்.”

தங்கச்சியைக் கேட்காமல் அதை எழுத முடியாது. அப்போது அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். என் மனைவி மவுத்தான பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணனான என்னைக் கேட்டாள்.

“ஏழு பேருக்கு முன்னால என்ட கதையச் சொல்லக்குள்ள என்னிடம் கேட்டீங்களா, காக்கா?”

“இல்ல.”

“அவ கேட்டாவா? அந்த டொக்டர்?”

“அவ சொல்லவே இல்ல. உன்ட பேர் வெளிய வரும் எண்டு வாயப் பொத்திக்கொண்டு நிண்டா.”

“அப்ப ஊருக்குள்ள என்னைப் பைத்தியம் எண்டு கதைச்சது அந்த அறையில இருந்துதான் வந்திரிக்கி.” அவள் சத்தம் போடவில்லை. “ஏழு வருஷமா நான் அவவத்தான் சந்தேகப்பட்டன், காக்கா. அவவ.”

நான் கீழே விழுந்திருந்த துணித்துண்டை எடுத்து மெஷின் மேல் வைத்தேன்.

“எழுதுங்க” என்றாள். “களப்பையும் எழுதுங்க. அந்தக் கொழும்பு ஆளையும் எழுதுங்க. அப்ப பாதிதானே சொன்னீங்க. என்ட பேரையும் போடுங்க. அந்தப் பொடியன் சாகத் தேவையில்ல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஆனா நான் ராத்தா வீட்டுக்குப் போறன்.”

மறுநாள் காலை எங்கள் மூத்த சகோதரியான ராத்தாவின் வீட்டுக்குப் போக ஆட்டோ வந்தது. தையல் மெஷினை நானும் சாரதியும் தூக்கி வைத்தோம். கடிதத்தை அன்று பின்னேரம் எழுதி முடித்தேன்: நாலு பக்கம், பேனையால், வெட்டல் திருத்தல் இல்லாமல்.

ஒன்றரை வருடம் கழித்துப் பொடியனின் மரணதண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. வேறு பலருக்கும் சேர்த்து மாற்றினார்கள். என் கடிதத்தை யாராவது வாசித்தார்களா என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. பொடியனுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. சிறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்களாம். மாதம் ஒரு தரம் போய் விசாரிக்கிறேன். என்னை யாரென்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தங்கச்சி கனமூலையில் ராத்தா வீட்டில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள், நித்திரை கொள்கிறாள், பிள்ளைகளுக்குத் தைக்கப் பழக்குகிறாள் என்று ராத்தா சொல்கிறா. பெருநாளைக்குப் போனால் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த ஆட்டோ போன காலையிலிருந்து அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இன்றோடு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு நாள்.